வெளியூரில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எப்படிக் காசு கொடுப்பது?

காரைக்குடிப் பக்கம் சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. லீவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது, அங்கே டூரிஸ்ட் பாஸ் வாங்கணுமா என்றுதான். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு பாங்க் கார்டையே எம்ஆர்டி என்கிற அந்த ஊர் மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டி ஏறலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சென்ட் தனியாகப் பிடிப்பார்கள், நம் பாங்க் பிடிப்பது வேறு, அதனால் அதிக நாள் தங்கி தினமும் சுற்றுகிறவர்களுக்கு முன்கூட்டியே பணம் போட்டுத் தட்டும் ஈஸி லிங்க் கார்டுதான் மேல். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், அப்பத்தாவுக்கும் சேர்த்து உங்கள் கார்டையே இரண்டு முறை தட்ட முடியாது. பஸ்ஸில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், நம்மவர்கள் மறப்பது இதைத்தான், மறந்தால் கூடுதல் கட்டணம். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம்.

கிளம்பும் முன்பே பாங்க் ஆப்பைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-இலிருந்து புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தட்டிக் கட்டும் வசதியையும் நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் முறை. பஸ்ஸில் 2014-இலிருந்து ரொக்கமே வாங்குவதில்லை, ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தொட்டதும் அன்றைக்கு அதற்கு மேல் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்க மாட்டார்கள். எந்த பாஸ் லாபம் என்று புது ஆள் கணக்குப் போட்டு முழிக்க வேண்டியதில்லை, எல்லா ஊரும் இப்படிச் செய்யலாமே! ஒன்று மட்டும், காலையில் கார்டைத் தட்டினால் இரவு வரை அதே கார்டுதான். அதே கார்டு போனுக்குள் இருந்தாலும் அது வேறு கணக்கு.

சரி, நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு? பத்து, இருபது ரூபாய்த் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கானாடுகாத்தான் போக வேண்டுமென்றால் ஏறும்போதே கண்டக்டரிடம், “ஊர் வந்தா சொல்லுங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். பஸ் போர்டில் ஊர்ப் பெயர் பெரும்பாலும் தமிழில் மட்டும்தான், வெளிநாட்டுக்காரர்கள் காரைப் பிடித்துக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் பஸ்கள் எங்கே நிற்கும், கட்டணம் எவ்வளவு என்று இரண்டு மொழியில் ஒரு பலகை வைத்தால் போதும், அவர்களும் நம்மோடு பஸ்ஸிலேயே வருவார்கள்.