தண்ணி ஆர் கொண்டுவந்தது?

வெள்ளிவிழா மலருக்கு எழுதித்தரும்படி சங்கச் செயலாளர் கேட்ட அதே கிழமைதான் சரித்திர சேர் ஊரில் காலமான செய்தியும் வந்தது. வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

"ஆண்டுக்கு ஒரு மார்க் கிடைக்கும், எழுதுங்கோ. ஆனால் தண்ணி ஆர் கொண்டுவந்தது? மா எங்கையிருந்து வந்தது?" முற்றுகையோ பஞ்சமோ, எதைப் படிப்பித்தாலும் சேர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தில், அம்ஸ்ரர்டாமில் ஒளிந்திருந்த ஆன் பிராங் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். எட்டுப்பேர் ஒளிந்திருந்தார்கள். 1944 ஓகஸ்டில் பிடிபட்டார்கள். தகப்பன் மட்டுமே உயிரோடு திரும்பினார். பங்கருக்குள் இருந்து பழகிய எங்களுக்கு அன்று சத்தமே வரவில்லை. பின்வாங்கிலிருந்து ஒருவன்தான் கேட்டான்: "குடும்பமாய் ஒருத்தரும் தப்பேல்லையோ சேர்?"

"தப்பியிருப்பினம் தம்பி. ஆரும் அறிஞ்சால் எனக்கும் சொல்லுங்கோ."

மொன்றியலுக்கு வந்து பல வருடங்களின் பின்னர்தான் எஸ்தர் ஸ்ரேர்மர் என்ற யூதத் தாயைப் பற்றி அறிந்தேன். இன்று மேற்கு உக்ரேனில் இருக்கும் கொரொலிவ்கா அவவின் ஊர். நாசிகள் எங்கே வரச்சொன்னாலும் தன் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று உறுதியாக நின்றவ. 1942 இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு ஒரு குகைக்குள் போனா. அடுத்த வசந்தத்தில் அந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. தப்பியவர்கள் 1943 மே மாதம் இன்னொரு குகைக்குள் இறங்கினார்கள். சின்னப் பிள்ளை முதல் கிழவி வரை, அயல் குடும்பங்களும் சேர்த்து 38 பேர்.

சேரின் கேள்விகளுக்கு அங்கே பதில் இருந்தது. தண்ணீர் குகைக்குள்ளேயே, நிலத்தடிக் குளங்களில். தானியமும் விறகும் ஆண்கள் இரவில் வெளியே போய், உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தவை. மாவை உள்ளேயே திரிகைக் கல்லில் அரைத்தார்கள். மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் மிச்சம் பிடிக்க நாளின் பெரும்பகுதியை இருட்டில் படுத்தே கழித்தார்கள். ஊர்க்காரர் சிலர் வாசலை மண்ணாலும் கல்லாலும் அடைத்தபோது உள்ளிருந்தே வேறு வழி தோண்டினார்கள். ஒருநாள் வாசலடியில் ஒரு போத்தல் கிடந்தது. ஜேர்மன்காரர் போய்விட்டார்கள் என்று உள்ளே ஒரு துண்டு. 1944 ஏப்ரல் 12ஆம் திகதி வெளியே வந்தார்கள், 344 நாட்களுக்குப் பிறகு. பெண்களும் பிள்ளைகளும் அவ்வளவு நாளும் பகல் வெளிச்சமே கண்டதில்லை. சூரியனை மறந்துபோன ஒரு சின்னப் பிள்ளை, அந்த வெளிச்சத்தை நூர்க்கச் சொல்லித் தாயிடம் கேட்டதாம். இதை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

போருக்குப் பின் ஸ்ரேர்மர் குடும்பம் கனடாவுக்கு வந்து மொன்றியலில் குடியேறியது. நான் பஸ்ஸில் போய்வரும் இதே நகரம்.

அவர்களுக்குத் திரும்பிப் போக ஊரில் யாரும் மிஞ்சவில்லை. எனக்கு ஊரில் சேர் இருந்தார். எல்லோரும் வெளிக்கிட்ட காலத்திலும் அவர் வெளிக்கிடவில்லை. பிள்ளையள் இருக்கினம் என்றாராம். அந்தப் பிள்ளைகளோடு நானும் இருந்திருக்கலாம் என்று இந்த வயதில் அடிக்கடி தோன்றுகிறது. கரும்பலகைக்கு முன்னால் நின்று இந்தக் கதையை அவருக்குச் சொல்லியிருப்பேன். திரிகைக் கல் எப்படி உள்ளே போனது என்று அவர் கட்டாயம் கேட்டிருப்பார்.

சேரின் மகள் நம் கல்லூரியில்தான் படிப்பிக்கிறா. மலரில் ஒரு பிரதியை அவவுக்கு அனுப்பச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.