தோட்டா வரைந்த பார்வை வரைபடம்

மூளையில் பார்வைக்கான இடம் எது என்று 1870களில் பெரிய சண்டை. பிரிட்டிஷ் மூளை ஆய்வாளர் ஃபெரியர் குரங்குகளை வைத்துப் பக்கவாட்டு மடிப்பொன்றைக் காட்டினார். ஜெர்மன் ஆய்வாளர் மங்க் பின்மண்டையைக் காட்டினார். மங்க் சொன்னதே நின்றது. சுவீடன் மருத்துவர் ஹென்ஷென் அதைக் கால்கரைன் பிளவு வரை சுருக்கினார்; இது மூளையின் பின்பகுதியில் உள்ள ஒரு பள்ளம். ஆனால் நாம் நேராகப் பார்க்கும் நடுப்பார்வைக்கான இடத்தைப் பிளவின் முன்முனையில் வைத்தார், அதாவது நேர் தலைகீழாக.

அதைத் திருத்தியவர் ஜப்பானியக் கண் மருத்துவர் தத்சுஜி இனோயே. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்டவர்களின் பார்வையிழப்பை அளப்பது அவர் வேலை. ரஷ்யத் துப்பாக்கியின் 7.62 மி.மீ. தோட்டா சிறியது, வேகமானது. மண்டையைச் சிதறடிக்காமல் துளைத்துப் போகும். ஆள் பிழைப்பதும் உண்டு.

முறை எளிது. நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டையும் தானே வடிவமைத்த கருவியால் முப்பரிமாணத்தில் அளந்தார். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, கோடு எந்த மடிப்புகளை வெட்டுகிறது என்று கணித்தார். பிறகு ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வைப் புலத்தை, அதாவது கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பை, வரைந்து, வெட்டுப்பட்ட மடிப்புகளை அதிலுள்ள குருட்டுப் பகுதியோடு பொருத்தினார். தோட்டா உள்ளே திசைமாறினாலோ எலும்புச் சில்லு தெறித்தாலோ கணக்கு தவறும். வெளியேறாத தோட்டா இதற்கு உதவாது.

1909இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்: நடுப்பார்வை பிளவின் பின்முனையில், ஓரப்பார்வை முன்னால், நடுப்பார்வைக்கே அதிக இடம்.

முதல் உலகப்போர்க் காயங்களிலிருந்து பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ஹோம்ஸ் வரைந்த படமே பாடநூல்களில் ஏறியது. அது நடுப்பார்வைக்குத் தந்த பரப்பு குறைவு. நடுவிலுள்ள 10 பாகைக்கே பாதிக்கு மேல் இடம் என்று 1991இல் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஹார்ட்டனும் ஹாய்ட்டும் திருத்தினார்கள்.