இரவல் போன வங்கிக் கணக்கு

எங்கள் தெருவில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கும் பையன் ஒருவன், டெலிகிராமில் அறிமுகமான ஒருவரின் பேச்சை நம்பி, தன் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அதனோடு இணைத்த சிம் ஆகிய மூன்றையும் ஒரு கவரில் போட்டு 5,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டான். சில வாரங்களில் வேறு மாநிலக் காவல்துறையின் நோட்டீஸ் வந்தது. "என் பிள்ளை யாருடைய காசையும் தொடவில்லையே தம்பி" என்று அந்தத் தாளை நீட்டியபடி அவன் அம்மா கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மோசடிக் கும்பல்கள் தங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. போலீஸ் போல வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறித்த பணமும், பங்குச்சந்தை ஆசை காட்டிச் சுருட்டிய பணமும் முதலில் இத்தகைய இரவல் கணக்குகளில் விழுந்து, சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ கைமாறிவிடுகின்றன. தடம் பிடித்து வரும் காவலர்கள் முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில்தான். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உடந்தையாக இருந்ததாகக் கருதப்பட்டால் மாணவன் என்ற சலுகை அவனைக் காப்பாற்றாது.

ராகிங் குறித்து எச்சரிப்பதைப் போலவே, கல்லூரிகள் இதையும் முதல் வாரத்திலேயே சொல்லியாக வேண்டும். கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்து அதை முடக்கச் சொல்லுங்கள். பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். இந்தப் பையன் அப்பாவுக்குப் பயந்து பத்து நாள் வாயே திறக்கவில்லை.