மீன் லாரிக்கு ஒரு பின் பம்பர்

பம்பர் செய்ய வண்டியைக் கொண்டுவரும் ஓனர் முதலில் கேட்பது, "எத்தனை எம்.எம். தகடு போடுவீங்க?" என்பதுதான். கடலூர் முதுநகர் ஆனாலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் ஆனாலும் இதே கேள்விதான். ஆனால் தகட்டின் கனத்தை விட முக்கியமானவை இரண்டு: பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 10 எம்.எம். தகட்டில் அடித்த பம்பரானாலும் 750 மி.மீ. உயரத்தில் தொங்கினால், பின்னால் வந்து மோதும் காரின் பானெட் அதற்கு அடியில் நுழைந்துவிடும். லாரி பாடி நேரே முன்கண்ணாடியில் இடிக்கும். பின்னால் வருகிறவனுக்காகப் போடுகிற சாமான் இது என்று ஓனருக்குப் புரியவைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும்.

பின் பம்பருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 14812-இல் அளவுகள் தெளிவாகவே இருக்கின்றன. லோடு இல்லாத வண்டியில் பம்பரின் கீழ் விளிம்பு 550 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. குறுக்குச் சட்டத்தின் உயரம் 100 மி.மீ.க்குக் குறையக்கூடாது. நீளம் பின் சக்கரங்களின் வெளி அகலத்தைத் தாண்டக்கூடாது. குறைந்தாலும் பக்கத்துக்கு 100 மி.மீ. வரைதான் குறையலாம். முனைகள் பின்பக்கம் வளைந்திருக்கக்கூடாது. இவை எல்லாம் பொருந்தினாலும் பட்டறையில் செய்ததற்குச் சோதனைச் சான்று வந்துவிடாது. கம்பெனி பம்பர் கிடைக்கிற வண்டிக்கு அதையே வாங்கி மாட்டுவது மேல். துருப்பிடித்துப் போனதைப் பழைய அளவிலேயே திரும்பச் செய்வதுதான் பட்டறைக்கு ஏற்ற வேலை.

உயரத்தைச் சரியாக 550-இல் வைத்தால் பின்னால் வம்பு வரும். அடுத்த மாதம் கமான் கட்டில், அதாவது வண்டியைத் தாங்கும் வில் பட்டை அடுக்கில், ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள், வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், அளவு தாண்டிவிடும். 520 வைத்தால் நிம்மதி. "துறைமுகச் சரிவில் உரசுது" என்று டிரைவர் சொல்வது பொய்யில்லை. அதற்காகப் பம்பரை மேலே ஏற்றக்கூடாது, கொஞ்சம் உள்ளே தள்ளலாம். வண்டியின் கடைசி விளிம்பிலிருந்து 400 மி.மீ. வரை உள்ளே இருக்க இடமுண்டு. ஆனால் இடிபட்டு நசுங்கிய பிறகும் அந்த 400-க்குள் நிற்க வேண்டும் என்பதால், 250 அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

குறுக்குச் சட்டத்துக்கு 125 × 65 சி சேனல் (சி வடிவ இரும்பு), 2.4 மீட்டர், அதுவே ஏறத்தாழ 31 கிலோ. அதைச் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பிடித்து நிறுத்தும் தாங்கிகள் இரண்டு, 8 எம்.எம். பிளேட்டில். சாய்வுக்கால் இரண்டு, 65 × 65 × 6 ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு). முனைமூடிகளும் போல்டுகளும் சேர்த்து மொத்தம் 55 முதல் 60 கிலோ வரும்.

தப்பு அதிகம் நடப்பது சாய்வுக்காலில்தான். தாங்கியைச் சேஸில் பிடிக்கும் போல்டு இருக்கும் இடத்துக்கு 400 மி.மீ. கீழே பம்பர் தொங்குகிறது. மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் இடைவெளி 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு டன் தள்ளினால், அந்த நெம்புகோல் கணக்கில் போல்டின் மீது இரண்டரை டன்னுக்கு மேல் ஏறும். அதைக் குறைக்கத்தான் தாங்கியின் அடியிலிருந்து சேஸை நோக்கி முன்பக்கமாகச் சாய்ந்து ஏறும் கால். இதற்குக் கையில் கிடக்கும் 50 × 6 பட்டையை வெட்டி வைத்துவிடுகிறார்கள். பட்டையை இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கிவிடும். பின்னாலிருந்து வரும் இடியில் இந்தக் கால் தள்ளப்படுகிறது. இடிபட்டு வரும் பழைய பம்பர்களைக் கழற்றினால் சேனல் நேராக இருக்கும், பட்டை மட்டும் முழங்கால் போல மடங்கியிருக்கும். அந்த இடத்துக்கு ஆங்கிள்தான் சரி.

சேஸின் மேல், கீழ் மடிப்புகளில் துளையோ வெல்டிங்கோ கூடவே கூடாது. வளைவு அழுத்தம் அதிகம் விழுவது அங்கேதான். விரிசல் துளையின் ஓரத்தில் பிறந்து மேலே ஏறும். நிமிர்ந்த நடுச்சுவரில் கம்பெனி போட்ட துளைகளை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 17 எம்.எம். டிரில். கேஸ் கட்டிங்கில் ஊதிய ஓட்டை வேண்டாம். தாங்கிக்கு நான்கு போல்டு, 16 எம்.எம்., 8.8 தரம். வெல்டிங் எல்லாம் கழற்றித் தரையில் வைத்துத்தான்; வண்டியிலேயே வைத்தாக வேண்டும் என்றால் பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றாமல் தொடக்கூடாது. பி.எஸ்.6 வண்டியின் இ.சி.யூ. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போனால் பம்பர் கூலியெல்லாம் அதற்கு உறை போடக் காணாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் 7018 வகை வெல்டிங் ராடு ஈரத்தைக் குடித்துவிடும். வெல்டிங்கில் ஊசிக்கண் போலத் துளைகள் வரும். வெயிலில் காயவைப்பது போதாது, 300 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட வேண்டும். அடுப்பு இல்லாத பட்டறையில் ஈரமேறிய 7018-ஐ விடக் காய்ந்த 6013 ராடு எவ்வளவோ மேல். இரண்டு தாங்கிகளையும் டாக் (ஆங்காங்கே சிறு வெல்டிங்) வைத்துவிட்டு, இடப்பக்கம் 50 மி.மீ., வலப்பக்கம் 50 மி.மீ. என்று மாற்றி மாற்றிப் போனால் சேனல் வில்லாகாது.

இனி உப்பு. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர், உப்பும் மீன் ரத்தமுமாக நேரே பம்பரில்தான் விழுகிறது. "பாக்ஸ் அடிச்சுக் குடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார்கள். சேனலின் வாயைத் தகடு வைத்து மூடினால் பலம் கூடும், உண்மைதான். ஆனால் ஏதாவது ஒரு பொத்தல் வழியே உள்ளே போன உப்புத்தண்ணீர் வெளியே வராது. வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும்; சுத்தியலால் தட்டினால் சத்தம் தகர டப்பா மாதிரி வரும். மீன் லாரிக்கு வாயை முன்பக்கம் பார்த்தபடி திறந்தே விடுவதுதான் எங்கள் கட்சி. கீழ் மடிப்பில் 300 மி.மீ.க்கு ஒன்றாக 12 எம்.எம். வடிதுளை. பெட்டியின் வடிகுழாய்க்கு ஒரு ஹோஸ் மாட்டி, பம்பரைத் தாண்டி ஒழுகவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பெயிண்டுக்கு முன் சேனல் ஆலையிலிருந்து வரும்போதே மேலே ஒட்டியிருக்கும் கருஞ்செதிலைக் கிரைண்டரில் எடுத்தாக வேண்டும். அதன் மேல் அடித்த ரெட் ஆக்சைடு தோலோடு உரியும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கடற்காற்றில் இரண்டு நாள் கிடந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும்; அதற்கு மேலேயே அடித்தால் மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் எப்பாக்சி. பனி இறங்கும் மாலையில் பிரஷ்ஷை எடுக்கவே வேண்டாம்.

முன்பக்கம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார், ஜீப்புக்கு இரும்புக் கிராஷ் கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு முரண் என்று 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்த வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மாட்டி முடித்ததும் டார்க் ரெஞ்சில் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, நட்டிலிருந்து தாங்கி வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். முதல் லோடு போய் வந்ததும் டிரைவர் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தால் போதும். எந்தக் கோடு பிசகியிருக்கிறதோ அந்த போல்டைக் கழற்றி, தாங்கிக்கும் சேஸுக்கும் நடுவே பெயிண்ட் தடிப்பாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.