கார் டிக்கியில் ஒரு குழந்தை சீட்

விமான நிலையத்துக்கு அகதிக் குடும்பங்களை அழைத்துவரப் போகும்போது மாட்டுகிற சீட் அது. 2025 ஜனவரிக்குப் பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

அந்த மாதம்தான் அமெரிக்காவில் அகதிகள் மீள்குடியேற்றத்தை நிறுத்திவைத்தார்கள். 2024 நிதியாண்டில் ஒரு லட்சம் பேர் வந்த நாட்டில், 2026 நிதியாண்டுக்கு 2025இல் அறிவித்த உச்சவரம்பு வெறும் 7,500. அகதிகளைக் குடியமர்த்தும் உள்ளூர் அமைப்புகளுக்கு அரசுப் பணம், வருகிற அகதி தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். ஆள் வரவு நின்றதும் ஊழியர் சம்பளமும் நின்றது. எங்கள் ஊர் அலுவலகத்தில் பாதி மேசைகள் காலி.

சரி, புதிதாக யாரும் வரவில்லையே, அப்புறம் என்ன வேலை என்கிறார்கள். ஏற்கெனவே வந்தவர்கள் எங்கே போவார்கள்? ஏற்கெனவே இங்கே இருந்து புதிதாகத் தகுதி பெறுவோருக்கான பண உதவியும் 12 மாதத்திலிருந்து 4 மாதமாகச் சுருங்கிவிட்டது. போன வாரம் ஒரு அம்மா, வந்த கடிதங்களையெல்லாம் மளிகைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தார். மேசையில் கொட்டிப் பார்த்தால், பள்ளி நோட்டீசுகளுக்கு நடுவே மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாக ஒரு எச்சரிக்கை. உறைகூடப் பிரிக்கவில்லை.

உதவ நினைப்பவர்கள் தயவுசெய்து பழைய துணி மூட்டையோடு கிளம்பாதீர்கள். போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். மாதாமாதம் சிறு தொகை தந்தால் வாடகைக்கு உதவும். பணம் இல்லையா, கடிதம் படித்துச் சொல்லுங்கள், கார் ஓட்டப் பழக்குங்கள். தொழில் நடத்துபவர்கள் ஒருவருக்கு வேலை கொடுத்தாலே பெரிய விஷயம்.

மலாய் தெரிந்த தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா? மியான்மரிலிருந்து தப்பி, மலேசியாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ரோஹிங்கியா அகதிகளுக்கு அது நன்றாகப் புரியும். இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமை சேர்ந்தே போகலாம்.