"குளவி கொட்டியது" என்று எழுதிய குறிப்பு

ஒவ்வாமை, நிர்ப்பீடனவியல் (உடலின் நோயெதிர்ப்பு பற்றிய துறை) பயிற்சிக் காலத்தில் நான் முதன்முதலாக முன்வைத்த நோயாளிக் குறிப்பு ஒரே கேள்வியில் நின்றுபோனது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் தாழ்ந்த இரத்த அழுத்தமுமாகக் கொண்டுவரப்பட்டிருந்தார். "குளவி கொட்டியது" என்று எழுதியிருந்தேன். "எந்தப் பூச்சி?" என்று மேற்பார்வை மருத்துவர் கேட்டார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலே பிறந்து வளர்ந்த எனக்கு விடை தெரியவில்லை.

மலையகத்தில் நாம் குளவி என்று சொல்லும் ஒரே சொல்லுக்குள், பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்த ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும், சிங்களத்தில் தெபரா எனப்படும், காகிதம் போன்ற மூடிய கூடு கட்டும் பூச்சியும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. இவற்றின் நஞ்சுகள் வேறு. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றது தீங்கு செய்யாமலும் போகலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீளும், நஞ்சையே சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்கும் நஞ்சு நிர்ப்பீடன சிகிச்சையை எதைக் கொண்டு தொடங்குவது என்பதும் இந்த விடையைப் பொறுத்ததே. அன்றிலிருந்து மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கத் தொடங்கினேன். கொடுக்கு தோலில் தங்கியதா, கூடு எப்படி இருந்தது, எத்தனை கொட்டுகள்? கொடுக்கை விட்டுச் செல்வது தேனீயின் இயல்பு. மூன்றாவது கேள்வியின் பயன் வேறு: நூற்றுக்கணக்கில் கொட்டும்போது, ஒவ்வாமை சிறிதும் இல்லாதவருக்கும் நஞ்சின் அளவினாலேயே தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். அவருக்கு வேண்டியது வேறு கவனிப்பு.

பாடத்திட்டத்தில் எனக்குக் கடினமாக இருந்தது அடிப்படை அறிவியல். 1963இல் ஜெல், கூம்ப்ஸ் இருவரும் வகுத்த நான்கு வகை மிகையுணர்வுகளை, அதாவது நோயெதிர்ப்பே உடலுக்குத் தீங்காகும் எதிர்வினைகளை, மருத்துவக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். மனப்பாடம் செய்ததாலேயே மறந்தும் இருந்தேன். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் விடுதியில் ஒரு நோயாளியைத் தேடிப் பிடித்தேன். ஐஜிஈ என்னும் பிறபொருளெதிரி ஹிஸ்டமினை வெளிவிடும் மாஸ்ட் கலங்களைத் தூண்டும் முதல் வகைக்கு அந்த அம்மா இருந்தார். பாம்புக்கடிக்கு எதிர்நஞ்சு பெற்று ஒரு வாரத்துக்கு மேலான பின், காய்ச்சலும் மூட்டுவலியுமாகத் திரும்பி வந்த இளைஞர் மூன்றாம் வகையானார். சீமெந்துக் குரோமியத்தால் கை வெடித்த மேசன் நான்காம் வகை. இரண்டாம் வகைக்கு மட்டும் நூலையே நம்ப வேண்டியிருந்தது.

பெரியவர்களை மட்டும் பார்த்துப் பழகிய நான் குழந்தைகள் விடுதிக்கும் செல்ல வேண்டியிருந்தது. நிர்ப்பீடனக் குறைபாட்டை அங்கேதான் கற்க முடியும். திரும்பத் திரும்ப நியூமோனியா வரும் பிள்ளைக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் பிறபொருளெதிரிகளின் அளவைப் பார்க்கத் தோன்ற வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அங்கே வந்தது.

தோல் குத்துச் சோதனையை முதலில் என் முன்கையிலேயே செய்து பழகினேன். எவருக்கும் தடிப்பை உண்டாக்க வேண்டிய ஹிஸ்டமின் ஒரு துளி, ஒப்பிட உப்புநீர் ஒரு துளி, ஐயத்துக்குரிய பொருள் ஒரு துளி. பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பை அளக்க வேண்டும். உப்புநீரைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருந்தால் அது பொருளுடையது. கை பழகிவிட்டது என்று எண்ணியிருந்த நாளில், விடியற்காலை பேருந்தில் ஏறி வந்த ஒரு பெண்ணுக்கு ஹிஸ்டமின் துளியே தடிக்கவில்லை. முந்திய இரவு அரிப்புக்கு அவர் ஹிஸ்டமினைத் தடுக்கும் குளோர்பெனிரமின் விழுங்கியிருந்தார். அந்த மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று சொல்லாதது என் பிழை. அவருக்கு, தோட்டத்தில் பெயர் என்று சொல்லும் அன்றைய நாட்கூலியும் போயிற்று, சோதனையும் நடக்கவில்லை. அதன் பிறகு நாள் குறிக்கும்போதே நிறுத்த வேண்டிய மருந்துகளைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து, படித்துக் காட்டியும் அனுப்பினேன்.

பாடத்திட்டத்தில் அனபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான கடும் ஒவ்வாமை பற்றிய பகுதி சுருக்கமானது. ஆனால் நம் மலைப்பாதைகளில் அதன் ஒவ்வொரு வரியும் உயிர் காக்கும். ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ள அட்ரினலினைப் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் உடனே ஏற்ற வேண்டும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் ஸ்ரெரொயிட்டும் அதற்கு ஈடாகா. 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்று, எதிர்நஞ்சுக்கு முன் கொடுக்கப்பட்ட குறைந்த அளவு அட்ரினலின் கடும் எதிர்விளைவுகளைக் குறைத்ததையும், ஸ்ரெரொயிட்டான ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தான புரோமெதசினும் அவ்வாறு குறைக்காததையும் 1,007 நோயாளிகளிடம் காட்டியது. என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது நோயாளியை எந்த நிலையில் வைப்பது என்பது பற்றிய வரி. இரத்த அழுத்தம் வீழ்ந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், எழுப்பி நிறுத்தினால் சடுதியாக உயிர் போகலாம் என்று படித்த அன்று, முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் இருபுறமும் ஆள் தாங்க நிமிர்த்தி உட்காரவைத்து நாம் எத்தனை பேரைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று எண்ணி உறக்கம் வரவில்லை. தோட்ட மருந்தக உத்தியோகத்தர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

இறுதி மதிப்பீட்டுக்கு அந்த அம்மாவின் குறிப்பையே மீண்டும் எடுத்துச் சென்றேன். கொட்டி ஆறு வாரம் கழிந்த பின் அவரை அழைத்து மறுபடி விசாரித்திருந்தேன். கணவர் நகத்தால் ஏழு கொடுக்குகளைச் சுரண்டி எடுத்ததும், கூடு பெரிய மரத்தில் திறந்த அடையாகத் தொங்கியதும் அப்போதுதான் தெரிந்தன. வணிகத்தில் கிடைக்கும் தேனீ நஞ்சுச் சோதனைத் திரவம் ஐரோப்பியத் தேனீயினுடையது. ஆகவே சோதனை எதிர்மறையாக வந்தாலும் நம் மலைத்தேனீ ஒவ்வாமையை அது விலக்கிவிடாது என்பதையும் எழுதினேன். முதற்குறிப்பில் இருந்த "குளவி கொட்டியது" என்ற வரியை நான் நீக்கவில்லை. அவர் சொன்ன சொல் அது. அதன் கீழே மூன்று கேள்விகளையும் அவர் தந்த விடைகளையும் சேர்த்தேன்.