மாட்டுத் தொட்டிக்குப் போகும் பூஞ்சணம்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், இலங்கை மலைநாட்டின் அக்கரப்பத்தனை, லிந்துலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெயில் முகங்காட்டாத நாட்கள் தொடர்ந்து வரும். துணி காயாது, விறகு காயாது, லயத்துச் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். அந்த நாட்களில் மாட்டுக் கொட்டிலின் மூலையில் சாத்தி வைத்த தேங்காய்ப் புண்ணாக்கு மூட்டையும் தவிட்டு மூட்டையும் அடியிலிருந்து கட்டி பிடிக்கும். கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் இருக்கும். மூட்டை விற்கும் விலையில் அதைக் கொட்டிவிட எவருக்கும் மனம் வராது. கட்டியை நொறுக்கி, பூஞ்சணத்தைக் கையால் தட்டி, சுடுநீர் ஊற்றி ஊறவைத்துத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். வீட்டில் மக்கிப்போன கோதுமை மாவும் பூஞ்சணம் பூத்த ரொட்டியும் அதே தொட்டிக்குத்தான் போகும். ஏனென்று கேட்டால், “மாட்டுக்குத்தானே, அது தாங்கிக்கிரும்” என்பார்கள். மாடு முழுவதையும் தாங்கிக்கொள்வதில்லை, ஒரு பங்கைப் பாலில் நமக்கே தருகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிவது பங்கசு. பெருந்தீங்கு செய்வது அந்தப் பங்கசு வளரும்போது தானியத்துக்குள் உண்டாக்கிவிடும் நஞ்சு. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். வெயிலில் காயவைத்தால் பங்கசின் வளர்ச்சி நிற்கும். முன்னரே சேர்ந்துவிட்ட நஞ்சு அதனால் நீங்கிவிடாது. இந்த நஞ்சுகளுள் மிகக் கொடியதான அஃப்ளடொக்சின் சிதைவதற்கு 200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே சுடுநீரில் ஊறவைப்பதனால் புண்ணாக்கு மென்மையாகுமே தவிர நஞ்சு குறையாது. பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இதே நிலைதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. பூஞ்சணம் வெளியே தெரியாத தானியத்திலும் நஞ்சு இருக்கக்கூடும். நன்றாகத் தெரிகிற பூஞ்சணம் சில வேளை அஃப்ளடொக்சினை உண்டாக்காத இனமாகவும் இருக்கலாம். எது எதுவென்று பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய வீட்டில் வழியில்லை.

இந்த நஞ்சை உலகம் அறிந்துகொண்டதே கால்நடைத் தீவனத்தின் மூலமாகத்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படாத நிலையில் ஆய்வாளர்கள் தீவனத்தைத் தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் காரணம் கிடைத்தது. அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பங்கசு அதில் வளர்ந்திருந்தது. அதன் பெயரைக் கொண்டே நஞ்சுக்கும் பெயர் வந்தது. மனிதருக்கு நேர்ந்த துயரங்களும் பதிவாகியுள்ளன. 1974ஆம் ஆண்டு மேற்கு இந்தியாவின் பன்ஸ்வாரா, பஞ்ச்மகால் மாவட்டங்களில், அகால மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட ஏழைக் கிராமத்தவர் கல்லீரல் கெட்டு, மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையுமாக விழுந்தனர். நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர். அதே வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களும் இறந்தன. சோளம் கெட்டிருப்பது அந்த மக்களுக்குத் தெரியாமலில்லை. வேறு உணவு அவர்களிடம் இருக்கவில்லை. எங்கள் தோட்டங்களில் மூட்டையைக் கொட்ட மனம் வராதவரை நான் குற்றவாளியாகப் பார்க்காததற்கும் இதுதான் காரணம்.

பசு பி1 என்ற வகை அஃப்ளடொக்சின் உள்ள தீவனத்தைத் தின்றால், அதன் கல்லீரல் அந்த நஞ்சின் ஒரு பகுதியை எம்1 என்ற இன்னொரு வடிவமாக மாற்றுகிறது. ஒரு நாளைக்குள்ளேயே அது பாலில் வந்துவிடும். தின்ற நஞ்சில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கும், அதிகம் கறக்கும் பசுக்களில் ஆறு பங்கு வரையும் இவ்வாறு பாலுக்குப் போகலாம். சிறிய அளவுதானே என்று தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள புண்ணாக்கில் 2 கிலோவை ஒரு பசு ஒரு நாளில் தின்றால் உள்ளே போவது 200 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தால் 4 மைக்ரோகிராம். பசு 8 லீற்றர் கறந்தால் லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம் பாலில் அனுமதிக்கும் உச்ச அளவு சரியாக அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதோ அதில் பத்தில் ஒரு பங்கான 0.05 மைக்ரோகிராம் மாத்திரமே. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் அஃப்ளடொக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. பாலை வேறு உணவோடு கலக்காமல் நாள்தோறும் குடிப்பவர்கள் நம் வீட்டின் மிகச் சிறிய பிள்ளைகள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேங்காய்ப் புண்ணாக்கை நான் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. குருநாகல், புத்தளம் பக்கத்தில் கொப்பரையைக் காயவைக்கும்போது மழை குறுக்கிட்டால், ஈரம் வற்றாத பருப்பில் இந்தப் பங்கசு எளிதில் ஏறிக்கொள்ளும். அந்தக் கொப்பரையைச் செக்கிலோ இயந்திரத்திலோ ஆட்டும்போது நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயோடு போகிறது, பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருப்பது தெரியவந்து நாடே பதறியது. அப்போது கடைக்குக் கடை எண்ணெயைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் புண்ணாக்கைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. சோளத்தின் கதையும் இதைப் போன்றதே. அனுராதபுரம், மொனராகலை, மகியங்கனைப் பக்கங்களில் பெரும்போகத்தில் விளையும் சோளம், கதிர் முற்றும் காலத்தில் வறட்சியால் வாடினாலோ புழு குடைந்தாலோ பங்கசுக்கு வயலிலேயே இடம் கொடுத்துவிடும். 2018ஆம் ஆண்டின் இறுதியில் வந்த, சோளப் பயிரைக் குடையும் படைப்புழு அந்தக் கதவை இன்னும் அகலத் திறந்துவிட்டது.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் சூட்டை விரும்பும் பங்கசு. 12 பாகைக்குக் கீழே அது வளர்வதே அரிது. 25 முதல் 35 பாகை வரையான வெப்பத்திலேயே நஞ்சை அதிகமாக உண்டாக்கும். ஆண்டுச் சராசரி 16 பாகை அளவேயுள்ள நுவரெலியாவின் குளிர் அதற்கு உகந்ததல்ல. ஆகவே நம் கொட்டிலில் உள்ள அஃப்ளடொக்சின் பெரும்பாலும் நம் மூடுபனியில் பிறந்ததாக இராது; சூடான தாழ்நிலத்தில் பிறந்து, மூட்டைக்குள் இருந்தபடியே லொறியில் மலையேறி வந்ததாகத்தான் இருக்கும். கொட்டிலில் நம் கண்ணெதிரே பூக்கும் நீலப் பச்சைப் பூஞ்சணம் வேறு இனம். ஆனால் குளிரில் வளரும் பங்கசுகளும் குற்றமற்றவையல்ல. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பியூசேரியம் வகைப் பங்கசுகள் சீரலெனோன் என்ற நஞ்சை உண்டாக்கும். அது உடலில் பெண் ஓமோனைப் போலவே வேலை செய்து சினைப்பருவத்தைக் குழப்பும். இதில் முதலில் பாதிக்கப்படுவது பன்றி. கிடாரிகளுக்கும் அந்தத் தொல்லை வரலாம். கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை போன்ற, ஈரமும் சூடும் ஒருசேர இருக்கும் இடங்களிலோ மூட்டை வந்த பிறகும் அஃப்ளடொக்சின் பெருகும். ஆகவே மேல்மலையில் இருப்பவர் மூட்டையை வாங்கும் இடத்திலேயே கவனமாக இருக்க வேண்டும். கீழ்மலையில் இருப்பவருக்கு வாங்கும்போதும் கவனம் வேண்டும், வைத்திருக்கும்போதும் கவனம் வேண்டும்.

மாட்டில் இதன் அடையாளம் தெளிவாகத் தெரியாததுதான் பெரிய தொல்லை. பசு திடீரென்று விழுந்து செத்தால் எவரும் தீவனத்தைச் சந்தேகிப்பார்கள். இது அப்படி வருவதில்லை. தீன் எடுப்பது சற்றுக் குறையும், பால் அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று இறங்கும், மயிர் மங்கும், சின்ன நோய்களும் எளிதில் தொற்றும், கன்று தேறாது. குளிர் என்பார்கள், புல் சரியில்லை என்பார்கள், கண்ணூறு என்றுகூடச் சொல்வார்கள். கன்றுகளின் இரைப்பை முழுமையாக வளர்ந்திராததனால் அவை பெரிய மாட்டைவிட விரைவில் பாதிக்கப்படும். கெட்ட மூட்டையைக் கோழிக்கும் வாத்துக்கும் மாற்றிவிடுவது தீர்வென்று நினைப்பவர்களும் உண்டு. வாத்துக்குஞ்சுதான் அஃப்ளடொக்சினுக்கு மிக விரைவில் பலியாகும் உயிர்களுள் ஒன்று.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். இதற்கு அஃப்ளடொக்சின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமையும், தாய்மாரின் களைப்பும், சுத்தமான தண்ணீர் இல்லாமையுமே அதற்குப் போதும். ஆனால் பெனின், டோகோ ஆகிய மேற்கு ஆபிரிக்க நாடுகளில் செய்த ஆய்வுகளில் இந்த நஞ்சுக்கும் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு இன்னொரு சுமையை நாமே பாலில் கொடுக்க வேண்டாம் என்பதே என் கவலை. 2022ஆம் ஆண்டு, தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் வழங்கும் திரிபோஷா சத்துமாவின் சோளத்தை முன்வைத்து எழுந்த அஃப்ளடொக்சின் சர்ச்சையின்போது, கிளினிக்குக்குப் போய்வந்த தாய்மார் எவ்வளவு பயந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. அந்தப் பயத்தில் ஒரு சிறு பங்கு தீவன மூட்டையின் மீதும் திரும்பியிருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவையே. மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல், பலகை அடித்து ஒரு சாண் உயர்த்தி, சுவரிலிருந்து கையளவாவது தள்ளி வைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று மழைக்காலத்துக்கு முன்னர் மொத்தமாக வாங்கிச் சேர்ப்பதைவிட, இரண்டு வாரத்துக்குப் போதுமானதை வாங்குவது நல்லது. தகர பீப்பாய் காய்ந்த தீவனத்துக்குத்தான் உதவும். ஈரமானதை அதில் அடைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். சோளத்தில் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதைத் தோராயமாக அறிய ஒரு வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி சோளத்தோடு சிறிது காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டும். சில நிமிடங்களில் உப்பு போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்தச் சோளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊறவைத்த புண்ணாக்கில் மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காமல் தொட்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பெண்டோனைட் களிமண் கலந்த நஞ்சு பிணைப்பான்கள் கடைகளில் உண்டு. அவை அஃப்ளடொக்சின் குடலில் உறிஞ்சப்படுவதை ஓரளவு குறைக்கும், மற்ற நஞ்சுகளிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. கெட்ட மூட்டையை மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு எடுத்துச் சென்று, குழி வெட்டிப் புதைப்பதே சரி. அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் பாலிலிருந்து எம்1 பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மூட்டையைக் கொட்டியதன் பலன் அந்த வாரத்திலேயே பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும்.

வீட்டுக்காரர் தம்மளவில் செய்யக்கூடியது இவ்வளவே. மீதி அவர் கையில் இல்லை. எங்கள் பக்கத்தில் பால் எடுக்கும் இடத்தில் கொழுப்பையும் அடர்த்தியையும் பார்த்து விலை போடுகிறார்கள். அங்கே அஃப்ளடொக்சினையும் சோதிக்க வேண்டும் என்று சிலர் கேட்பது நியாயம்தான். ஆனால் பல வீட்டுப் பால் ஒரே தாங்கியில் கலந்த பிறகு, எந்த மூட்டையிலிருந்து நஞ்சு வந்தது என்று அந்தச் சோதனை சொல்லாது. பால் திரும்பினால் நட்டம் மட்டும் மாடு வளர்ப்பவரின் தலையில் விழும். நஞ்சு ஒரு மூட்டைக்குள்ளேயே ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும் என்பதால், ஒரு கைப்பிடியை எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கலந்து அரைத்துச் சோதிக்க வேண்டும், அதற்குக் காசும் கருவியும் வேண்டும். ஒரே ஆலையிலிருந்து வரும் ஒரே தொகுதிப் புண்ணாக்கு நூற்றுக்கணக்கான கொட்டில்களுக்குப் போகிறது. ஆகவே சோதனை ஆலையின் வாசலிலேயே நடந்து, தொகுதி இலக்கமும் முடிவும் மூட்டையின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட வேண்டும். கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தீவனத்துக்கென்று 1986ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. தோட்டத்துப் பால் உற்பத்தியாளர் சங்கங்கள் ஒவ்வொரு பருவமழைக்கு முன்னரும் ஒன்றாகச் சேர்ந்து, தாம் வாங்கும் புண்ணாக்கின் சோதனை முடிவைக் காட்டும்படி விற்பவரிடம் எழுத்தில் கேட்கத் தொடங்கலாம்.